தண்ணி ரிப்போர்ட் 'நல்லா இருக்கு'ன்னு வந்தா, தண்ணி நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமா?

கொஞ்சம் நீளமான த்ரெட். மழை பிடிச்சிடுச்சு, அதனால இப்பவே எழுதிடறேன். பொறுமையா படிங்க, கேள்வி இருந்தா கீழே கேளுங்க.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க: ஐப்பசி, கார்த்திகை வந்தா ஓபியில் காய்ச்சலுக்கு அடுத்த இடம் வயிற்றுப்போக்குக்குத்தான். ஒரே வீட்டிலிருந்து ரெண்டு பேர் வந்தா என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்போம். ஒரே தெருவிலிருந்து, வேற வேற வீட்டுக்காரங்க, ஒரே ராத்திரியில் எட்டு பேர் வந்தா முதல் கேள்வியே எந்தத் தண்ணின்னுதான் இருக்கும்.

சில வருஷத்துக்கு முன்னாடி எனக்கு அப்படி ஒரு ராத்திரி. கடலோரக் குப்பம் ஒன்று. நள்ளிரவுக்கு மேல ஷேர் ஆட்டோவில் மூணு பேர், அப்புறம் 108ல ரெண்டு பேர், விடியறதுக்குள்ள மொத்தம் 11 பேர். ஸ்டாண்ட் பத்தலை, ஜன்னல் கம்பியில் டிரிப்ஸ் பாட்டிலைக் கட்டினோம். எழுபது வயசு ஆயா ஒருத்தங்க, கண்ணு உள்ள போயி, நாக்கு வறண்டு கிடந்தாங்க. ரெண்டு பாட்டில் ஏறின பிறகு பேச்சு வந்துச்சு. "ரெண்டு நாளா குழாய்த் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது சார். சொன்னா யாரு கேக்கறா?"

காலையில் தகவல் கொடுத்தோம். வேகமா வந்தாங்க, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டேங்க்கைக் கழுவினாங்க, பிளீச்சிங் பவுடர் கலந்தாங்க, தெருக்குழாய் எல்லாத்தையும் திறந்துவிட்டு பழைய தண்ணியை வெளியேத்தினாங்க. எல்லாம் முடிச்சு மத்தியானம் மூணு மணிக்கு ஒரு பாட்டிலில் தண்ணி சாம்பிள் எடுத்தாங்க. நாலு நாள் கழிச்சு ரிப்போர்ட்: கோலிஃபார்ம் கிருமி இல்லை. ஊருக்குள்ள போன சேதி: "தண்ணியில ஒன்னுமில்ல, நீங்கதான் என்னத்தையோ சாப்பிட்டிருக்கீங்க."

இப்போ என் பங்கையும் சொல்லிடறேன். ராத்திரி வந்த எல்லாருக்கும் வந்த உடனே ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சவன் நான். எல்லாருக்கும் அது தேவையான்னு கூட யோசிக்கலை, பயம். மோஷன் சாம்பிள் மறுநாள் லேப் திறந்த பிறகு, ரெண்டு டோஸ் உள்ளே போன பிறகுதான் எடுத்தோம். கல்ச்சர் ரிப்போர்ட்: நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை.

ஆக, தண்ணி காகிதமும் சுத்தம், வயிறு காகிதமும் சுத்தம். 11 பேருக்கு மட்டும் பேதி. லேப் பொய் சொல்லலை, சாம்பிள் எடுத்தவரும் பொய் சொல்லலை. கிருமியைக் கொன்ன பிறகு கிருமியைத் தேடியிருக்கோம், அவ்வளவுதான்.

அந்த லேப் உண்மையில் எதைத் தேடுது? இது தெரிஞ்சா நீங்களே அடுத்த ரிப்போர்ட்டைப் படிச்சு கேள்வி கேட்கலாம். விஷயம் ஒரு சர்க்கரையில் இருக்கு: லாக்டோஸ், பால் சர்க்கரை. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு சுமார் 7 கிராம், பசும்பாலில் 5 கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. பாலைத் தவிர இயற்கையில் இது கிடைக்கிற இடம் ரொம்பக் குறைவு.

1885ல தியோடர் எஷெரிஷ் என்ற குழந்தை மருத்துவர், கைக்குழந்தைகளோட மலத்தில் ஒரு குச்சி வடிவக் கிருமி இருப்பதை விவரிச்சார். அவர் பேரில்தான் இன்னைக்கு எஷெரிஷியா கோலை, நாம சொல்ற ஈ.கோலை. பால் குடிக்கிற உயிரினத்தோட குடலில் வாழ்ற இந்தக் கிருமிக்கு லாக்டோஸை உடைக்கத் தெரியும். அதுக்குன்னு ஒரு என்சைம் வெச்சிருக்கு. அதையும் எப்பவும் செய்து வைக்காது, குளுக்கோஸ் கிடைச்சா முதலில் அதைத் தின்னுட்டு, அது தீர்ந்த பிறகு லாக்டோஸ் இருந்தால் மட்டும் என்சைமைச் செய்யும். ஒரு கிருமிக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியுதுன்னு கண்டுபிடிச்சுத்தான் பிரான்சின் ஜாக்கோபும் மோனோவும் 1965ல நோபல் வாங்கினாங்க. மரபணுவுக்கு சுவிட்ச் இருக்குன்னு உலகம் கத்துக்கிட்டது இந்தப் பால் சர்க்கரையை வெச்சுத்தான்.

நம்ம கதைக்கு முக்கியமானவர் வேற ஒருத்தர். ஆல்ஃபிரட் மெக்கான்கி. இங்கிலாந்தில் சாக்கடைக் கழிவை என்ன செய்றதுன்னு ஆராய அமைச்ச ராயல் கமிஷனுக்காக வேலை பார்த்தவர். தண்ணியில் மலம் கலந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவர் யோசனை எளிமையானது. கிருமி வளர்க்கிற ஊடகத்தில் பித்த உப்பைப் போடு. குடலில் பித்தத்தில் ஊறி வாழ்ந்த கிருமி தாங்கும், மத்ததெல்லாம் பெரும்பாலும் செத்துப்போகும். கூடவே லாக்டோஸ் போடு. அதைத் தின்கிற கிருமி அமிலத்தை வெளியே விடும். அமிலம் பட்டா நிறம் மாறுற சாயத்தையும் போட்டுட்டா, நிறமே பதில் சொல்லிடும். 1905ல மலத்தில் இருக்கிற லாக்டோஸ் தின்னும் கிருமிகளைப் பத்தியே தனியா ஒரு கட்டுரை எழுதினார். நூறு வருஷம் தாண்டியும், எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷ மாணவர் முதலில் பார்க்கிற தட்டுகளில் ஒன்று மெக்கான்கி அகார்தான். 37 டிகிரியில் ஒரு ராத்திரி வெச்சுட்டு காலையில் திறந்தா, லாக்டோஸ் தின்ன கிருமிகள் ரோஸ் கலரில் புள்ளி புள்ளியா நிற்கும். தின்னாதவை நிறமில்லாம வெளிறி இருக்கும்.

இங்கேதான் மக்கள் மட்டுமில்லை, ஜூனியர் டாக்டர்களும் குழம்புவாங்க. ரோஸ் கெட்டதா, நல்லதா?

சாம்பிள் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும். மலத்தில் ரோஸ் வளர்ந்தா அது பெரும்பாலும் குடலில் இயல்பா இருக்கிற ஈ.கோலை, பெருசா எடுத்துக்க வேண்டியதில்லை. ஈ.கோலையிலும் பேதி உண்டாக்கிற வகைகள் இருக்கு, ஆனா அதை நிறத்தை வெச்சுப் பிரிக்க முடியாது. மலத்தில் நாங்க தேடுறது வெளிறினதை. டைபாய்டு உண்டாக்கிற சால்மொனெல்லா, சீதபேதி உண்டாக்கிற ஷிகெல்லா, ரெண்டும் லாக்டோஸ் தின்னாத கூட்டம். ஷிகெல்லாவிலேயே சோன்னெய்ன்னு ஒரு சோம்பேறி இருக்கு, ரெண்டு மூணு நாள் கழிச்சு மெதுவா லாக்டோஸைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால நிறம் முதல் கேள்விதான், கடைசி பதில் இல்லை. காலராவுக்கு வேற தட்டு, அங்கே நாம காபியில் போடுற சாதா சர்க்கரை.

தண்ணியில் கதை தலைகீழ். குடிதண்ணியில் லாக்டோஸ் தின்கிற ஈ.கோலை இருந்தா, யாரோட குடலிலிருந்தோ, மாட்டோட குடலிலிருந்தோ அது வந்து சேர்ந்திருக்கு. அந்த ஈ.கோலை உங்களுக்கு ஒன்றும் செய்யாமல் கூட இருக்கலாம். ஆனா அது வந்த வழி திறந்திருக்கு. அதே வழியில் டைபாய்டு வரலாம், மஞ்சள் காமாலை வரலாம். அது சாட்சி, அவ்வளவுதான், குற்றவாளி யாருன்னு தேடித்தான் பார்க்கணும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்றது: குடிநீர் 100 மில்லியில் ஈ.கோலை ஒன்று கூட இருக்கக் கூடாது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது.

தண்ணி டெஸ்டைப் பல லேப்பில் தட்டில் பண்றதில்லை, டியூப்பில் பண்றாங்க. ஊதா நிற லாக்டோஸ் திரவம், அதுக்குள்ள ஒரு குட்டிக் குழாய் தலைகீழா. தண்ணியை 50 மில்லி, 10 மில்லி, 1 மில்லின்னு வேற வேற அளவில் சேர்த்து 37 டிகிரியில் 48 மணி நேரம். ஊதா மஞ்சளா மாறி, குட்டிக் குழாயில் வாயு சேர்ந்தா, கோலிஃபார்ம் இருக்கலாம்னு அர்த்தம். எத்தனை டியூப் மாறுச்சோ அதை வெச்சு ஒரு அட்டவணையைப் பார்த்து எண்ணிக்கை சொல்வாங்க.

இருக்கலாம்னுதான் சொன்னேன், கவனிங்க. நம்ம ஊர் வெயிலில் மண்ணிலும் செடியிலும் கூட லாக்டோஸ் தின்கிற கிருமிகள் உண்டு. க்ளெமெஷா என்ற பிரிட்டிஷ் இந்திய மருத்துவ அதிகாரி 1912லேயே வெப்ப நாட்டு ஏரி, ஆற்று நீரின் கிருமிகளைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இங்கிலாந்துக் கணக்கை அப்படியே இங்கே போடக் கூடாது என்பதுதான் அவர் வாதம். அதனால ரெண்டாம் கட்டமா 44 டிகிரியில் வைப்பாங்க. அந்தச் சூட்டிலும் லாக்டோஸைத் தின்னு வாயு விட்டா, குடலிலிருந்து வந்த ஈ.கோலைன்னு ஏறக்குறைய உறுதி. ரிப்போர்ட்டில் கோலிஃபார்ம்னும் ஈ.கோலைன்னும் ரெண்டு வரி தனித்தனியா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். ரெண்டாவது வரியைப் பாருங்க.

இவ்வளவு நுணுக்கமான டெஸ்ட், ஒரே ஒரு விஷயத்தில் முழுசா நம்மை நம்பியிருக்கு: பாட்டிலுக்குள்ள வர்ற கிருமி உயிரோடு இருக்கணும். செத்த கிருமி லாக்டோஸ் தின்னாது. பிளீச்சிங் போட்ட பிறகு எடுத்த தண்ணியில் ரோஸும் வராது, மஞ்சளும் வராது. வந்தால்தான் அதிசயம்.

அதனால்தான் சாம்பிள் பாட்டிலுக்குள்ள முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு ஸ்டெரிலைஸ் பண்ணுவாங்க. தண்ணியில் மிச்சமிருக்கிற குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்னுக்கிட்டே வரக் கூடாதுன்னு. அது இல்லாத வாட்டர் பாட்டிலில் பிடிச்சு, ஐஸ் இல்லாம, வெயிலில் ஜீப் டேஷ்போர்டில் வெச்சு எடுத்துட்டுப் போனா, லேப் என்ன செய்ய முடியும்? எங்கே எடுக்கிறோம் என்பதும் உண்டு. டேங்க்குக்குக் கீழே எடுத்த தண்ணி நல்லா இருக்கலாம். பிரச்சனை வழியில் இருக்கு.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு தடவை நடந்து பாருங்க. மணல் தரை, சின்னச் சின்ன மனை, ஒரு மூலையில் கக்கூஸ் குழி, இன்னொரு மூலையில் போர். மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது மணல் மட்டும்தான். குழாய்த் தண்ணி நாள் முழுக்க வர்றதில்லை. தண்ணி விடாத நேரத்தில் குழாய் காலியா இருக்கும், விரிசல் வழியா வெளியே தேங்கி நிற்கிறதை உள்ளே இழுக்கும். இதில் குழாயில நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சற பழக்கம் வேற. உங்க வீட்டு மோட்டார் உங்க தெரு சாக்கடையையும் சேர்த்துத்தான் உறிஞ்சுது, தயவுசெய்து புரிஞ்சுக்கோங்க. பக்கத்தில் நெம்மேலியில் கடல் தண்ணியைக் குடிநீராக்குற ஆலை 2013லிருந்து ஓடுது, அந்தத் தண்ணி பெரும்பாலும் சென்னைக்குப் போகுது. அந்த வருத்தத்தை இன்னொரு நாள் எழுதறேன்.

2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் வயிற்றுப்போக்கில் உயிர்கள் போனப்போ உங்களுக்கு ஞாபகம் இருக்கும், டிவியில் தண்ணியா சாப்பாடான்னு சண்டை. தண்ணி மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போச்சு. அதில் யார் சரி, யார் தப்புன்னு நான் சொல்ல வரலை. ஆனா ஒவ்வொரு தடவையும் இந்தச் சண்டை நடக்கறதுக்கு ஒரு காரணம், முதல் மணி நேரத்தில் எடுத்த சாம்பிள் கையில் இல்லாததுதான். 1899லிருந்து கிண்டியில் ஒரு இன்ஸ்டிட்யூட் வெச்சிருக்கிற மாநிலம் இது. டெக்னீஷியன் இருக்காங்க, டெஸ்ட் இருக்கு, செலவும் பெருசில்லை. முதல் மணி நேரத்தில் ஒரு பாட்டிலைப் பிடிக்கிற பழக்கம் மட்டும் இல்லை.

என் கருத்து இதுதான். குளோரினுக்கு முன்னாடி தண்ணி சாம்பிள், ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னாடி மோஷன் சாம்பிள். இந்த வரிசை மாறக் கூடாது. இதுக்காக யாரும் சிகிச்சையையோ குளோரினையோ தள்ளிப்போட வேண்டாம். தண்ணி பிடிக்க அஞ்சு நிமிஷம், ரெக்டல் ஸ்வாப் எடுக்க ஒரு நிமிஷம். லேப் மூடியிருந்தா ஸ்வாபை கேரி-பிளேர்னு ஒரு ஊடகத்தில் போட்டு வெச்சா காலை வரைக்கும் கிருமி தாங்கும். அந்த ராத்திரி எங்க வார்டில் அந்தச் சின்ன டியூப் ஒன்னுகூட இல்லை, நானும் அதுக்கு முன்னாடி கேட்டு வாங்கி வெச்சதில்லை. இப்போ வெச்சிருக்கேன்.

ரெண்டாவது, ரிப்போர்ட் மக்கள் கண்ணில் படணும். ரேஷன் கடைச் சுவரில், டேங்க் தூணில், எங்கே வேணா ஒட்டுங்க. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் குழாய், குளோரின் போடறதுக்கு முன்னாடியா பின்னாடியா, ஈ.கோலை உண்டா இல்லையா. இவ்வளவு போதும். "பீதி கிளம்பும்"னு சொல்வாங்க. 11 பேர் ஒரே ராத்திரியில் ஆஸ்பத்திரி வந்தா கிளம்பாத பீதியா ஒரு காகிதத்தில் கிளம்பப் போகுது?

இதில் ஒரு நியாயமான பயம் இருக்கு, அதையும் சொல்லணும். ரிப்போர்ட் கெட்டதா வந்தா முதலில் சஸ்பெண்ட் ஆகறது டேங்க் ஆபரேட்டர். சொற்ப சம்பளத்தில் தினமும் ஏணியில் ஏறி இறங்குற மனுஷன். குழாய் விரிசல் அவர் போட்டதில்லை. கெட்ட ரிப்போர்ட் வந்தா அவர் வேலை போகும்னா, நல்ல ரிப்போர்ட் வர்ற மாதிரி சாம்பிள் எடுக்கத்தான் எல்லாருக்கும் தோணும். நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ரிப்போர்ட்டை வெச்சு குழாயை மாத்துங்க, ஆளை மாத்தாதீங்க.

சரி, நல்ல ரிப்போர்ட்டே வந்தாலும்? சரியா எடுத்த சாம்பிளில் ஈ.கோலை இல்லைன்னா பெரிய ஆறுதல். ஆனா ஹெபடைடிஸ் ஏ, ஈ மாதிரி வைரஸ்களுக்கும் சில அமீபா முட்டைகளுக்கும் லாக்டோஸ் தெரியாது. குளோரினை ஈ.கோலையை விட அதிக நேரம் தாங்கும். மழை மாசத்தில் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு சொல்றது இதுக்காகத்தான். தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷம் போதும், அரை மணி நேரம் கேஸை எரிக்க வேண்டாம். சூடு பண்ணினது கணக்கில் வராது.

லேப் தூரமா? பஞ்சாயத்துகளில் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி பார்க்கப் பயிற்சி கொடுக்கணும்னு இருக்கு. அவங்க கிட்டில் ஒரு சின்ன பாட்டில் உண்டு. தண்ணியை ஊத்தி வெச்சா, மலக் கலப்பு இருந்தா கறுத்துப்போகும். குவாலியர் ராணுவ ஆய்வகத்துக்காரங்க 1982ல வெளியிட்ட முறை அது, லாக்டோஸ் இல்லாத குறுக்கு வழி. லேப் அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனா கறுத்தா அன்னைக்கே சத்தம் போடலாம். உங்க ஊரில் அந்த அஞ்சு பேர் யார்னு விசாரிங்க.

பால் சர்க்கரைன்னு ஆரம்பிச்சதால தினமும் கேட்கிற கேள்வி ஒன்று: "பேதி நின்னு நாலு நாள் ஆச்சு, பால் குடிச்சா திரும்ப வயிறு கலக்குது, கிருமி திரும்ப வந்துடுச்சா?" பெரும்பாலும் இல்லை. பேதியில் சிறுகுடலின் உள்படலம் தேய்ஞ்சு போகும், லாக்டோஸை உடைக்கிற என்சைம் இருக்கிறதே அந்தப் படலத்தில்தான். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனா அங்கே இருக்கிற கிருமிகள் விருந்து வெச்சுக்கும், வாயு, புளிச்ச பேதி. சில வாரத்தில் சரியாகும், அதுவரை பாலைக் குறைச்சு தயிர், மோர். இதுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பாலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க. பெரியவங்க பலருக்கு இந்த என்சைம் பிறவியிலேயே வயசோட குறைஞ்சுடும். 1981ல வந்த ஒரு ஆய்வில் லாக்டோஸ் ஒத்துக்காதவங்க வட இந்தியரில் 27 சதவீதம், தென்னிந்தியரில் 66 சதவீதம். மெக்கான்கி தட்டில் வெச்சா நம்மில் பாதிக்கு மேல வெளிறித்தான் இருப்போம்.

வயிற்றுப்போக்கு ஆரம்பிச்சா ஓஆர்எஸ், குழந்தைக்குக் கூடவே ஜிங்க். கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுட்டு வராதீங்க. ரத்தம் கலந்து போனா, சிறுநீர் குறைஞ்சா, குழந்தை சோர்ந்து படுத்தா உடனே வாங்க. வரும்போது எந்தக் குழாய், எந்த லாரி, எந்த கேன் தண்ணின்னு யோசிச்சுட்டு வாங்க.

அந்த ஆயா போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்க வந்தாங்க. "இந்த வருஷம் வாடை வந்தா என்ன பண்றது சார்?"ன்னு கேட்டாங்க. லேப்பிலிருந்து தயோசல்ஃபேட் போட்ட ஸ்டெரைல் பாட்டில் ரெண்டு வாங்கி, மூடியைத் திறக்காம வெச்சிருக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். வாடை வந்த அன்னைக்கே, டேங்க் கழுவ ஆள் வர்றதுக்கு முன்னாடி பிடிச்சு, பேரனிடம் கொடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்பணும். மீன் ஐஸ் பெட்டிதான் வீட்டில் இருக்காம். நல்லா கழுவிட்டு, பாட்டிலைக் கவரில் போட்டு வைங்க ஆயா, அதுவே போதும்னு சொன்னேன்.